தேரையும் தண்ணீரும்

ஆந்திராவில் கார்வேட்டிநகரத்துக்கும் புத்தூருக்கும் நடுவே எங்கே கிணறு வெட்டினாலும், வீட்டுக்குக் கடக்கால் எடுத்தாலும், மாந்தோப்பில் மழைத்தண்ணீர் தேங்கக் குட்டை போட்டாலும், மண் அள்ளும் ஜேசிபியின் மேல் பெரும்பாலும் எத்திராஜ்தான் உட்கார்ந்திருப்பான். அவன் அப்பா காலம்வரை அந்தக் குடும்பத்துக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. மற்றவர்களின் கிணற்றைக் கடப்பாரையும் கூடையுமாக வெட்டிக் கொடுத்துப் பிழைத்தவர்கள். எத்திராஜ் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, கொஞ்ச நாள் அதே கிணற்று வேலைக்குப் போய், பிறகு பாலையா என்பவரிடம் கிளீனராகச் சேர்ந்து அவருடைய வண்டியையே ஓட்டக் கற்றுக்கொண்டான். இப்போது வயது நாற்பத்தொன்று. பதினாறு வருஷமாக லிவரைப் பிடித்த கை. பக்கெட்டின் பல் மண்ணில் இறங்கும் சத்தத்தை வைத்தே அடுத்த அரையடியில் வரப்போவது மொரம்பா, சுக்கானா, பாறையா என்று சொல்லிவிடுவான். பத்துக்கு எட்டு தடவை சரியாக இருக்கும். மீதி இரண்டைப் பற்றி அவன் யோசித்ததில்லை.

அவன் மனைவி பத்மினி அவனுடைய அக்கா மகள். கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருஷம் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு செல்போன் கம்பெனிக்குப் போய் வந்தாள். காலை நாலரைக்கு எழுந்து புத்தூரில் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல் கேமராக்கள் அவள் கண்ணெதிரே வரிசையில் நகர்ந்து போகும். லென்ஸில் தூசி இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். அவற்றில் ஒன்றால்கூட அவள் எதையும் படம் பிடித்துப் பார்த்ததில்லை. முதுகுவலி முற்றி வேலையை விட்ட பிறகு, பக்கத்துத் தோப்புகளில் கூலிக்குப் போனாள். நடுவில் நேரம் கிடைத்தால் எத்திராஜுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்கு வருவாள்.

அப்படி வந்த ஒரு சித்திரை மாதத்து மதியத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மூன்றரை அடி ஆழத்தில் பொரபொரவென்று காய்ந்திருந்த செம்மண் கட்டி ஒன்று உடைந்து, உள்ளிருந்து உருண்டையாக ஏதோ விழுந்தது. எத்திராஜ் வண்டியை நிறுத்தி இறங்கினான். ஒரு தேரை. கையையும் காலையும் உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, மெல்லிய காகிதம் போன்ற ஒரு தோலைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தது.

பத்மினி தூக்கு மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து அதன் முதுகில் சொட்டினாள். சோறு தின்று முடிக்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கண் மட்டும் திறந்தது.

"மழை பேஞ்சு அஞ்சு மாசம் ஆவுது மாமா. இத்தினி நாளா இது இன்னாத்த துன்னுச்சு?"

"யாருக்குத் தெரியும்."

"பதினாறு வருசமா மண்ண நோண்டிக்கினு கீறியே. ஒரு நாள்கூட கேட்டுக்கலியா?"

எத்திராஜ் குனிந்து அதைப் பார்த்தான். எத்தனையோ தேரைகளைப் பார்த்திருக்கிறான். மண்ணோடு மண்ணாக அள்ளிக் கொட்டியிருக்கிறான். அப்படி ஒரு கேள்வி தனக்கு ஏன் வரவில்லை என்பது அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கண் திறந்ததிலிருந்தே பத்மினி தன் போனில் அந்தத் தேரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னணியில் அவள் கேள்வியும் அவன் பதிலும் அப்படியே பதிவாகியிருந்தன. தேரையை வேலி ஓரத்து நிழலில் குழி பறித்து விட்டுவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை யூடியூபில் போட்டபோது, சேனலுக்குப் பெயர் கேட்ட இடத்தில் அவள் எழுதியது: கீழ இன்னா கீது.

பதில்கள் வந்தன. நகரியிலிருந்து, அரக்கோணத்திலிருந்து, சென்னையிலிருந்து. திருப்பதியில் ஒரு ஜூனியர் காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் சுமித்ரா என்ற பெண் நீளமாக எழுதியிருந்தாள். இது தன்னுடைய பாடம் இல்லை என்றும், ஜுவாலஜி டீச்சரைக் கேட்டு எழுதுவதாகவும் சொல்லித்தான் ஆரம்பித்திருந்தாள். மழைக்காலத்தில் தின்று உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்குமாம். மூச்சையும் நாடியையும் குறைத்துக்கொள்ளுமாம். மேலே இருக்கும் தோல், ஈரம் வெளியே போகாமல் தடுக்குமாம். பத்மினி அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். எத்திராஜ் மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னான்.

அப்புறம் அது நிற்கவில்லை. அவன் தோண்டுவான், அவள் கேட்பாள். கறையான் புற்றின் அடியில் விரல் தண்டிக்கு வெளுத்துக் கிடந்த ராணி. ஒரே குழியில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மண் அடுக்கடுக்காக இருப்பது. புளிய மரத்தின் வேர் கிணற்றுச் சுவரைத் தேடிக்கொண்டு நாற்பது அடி வந்திருப்பது. வேர்க்கடலைச் செடியில் பூ மேலே பூக்க, காய் மட்டும் மண்ணுக்குள் எப்படிப் போகிறது என்று காட்ட, பத்மினி ஒரே செடியின் அடியில் முப்பத்தைந்து நாள் மண்ணை விலக்கி விலக்கிப் படம் பிடித்தாள். பூ வாடிய இடத்திலிருந்து ஊசி போல் ஒரு காம்பு வளைந்து கீழே இறங்குவது அதில் தெளிவாகத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்கக் கடலை விதைத்த கிழவர்கள், இதை இத்தனை நாள் பார்க்காமல் போனோமே என்று எழுதினார்கள். ரேணிகுண்டாவிலிருந்து ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று குரல் பதிவாகவே கேள்வி அனுப்பும். பெயர் எப்சிபா. அவளுடைய அம்மா கிரேஸின் போனிலிருந்து வரும். மூச்சு வாங்க வாங்கப் பேசும்.

ஆரம்பித்த பதினோராவது மாதம் ஒரு வீடியோ போட்டார்கள். கிணறு வெட்டும் வேலை. நாலடியில் ஒரு தேரை கிடைத்தது. பதிமூன்றாவது அடியில் ஊற்று உடைத்துக்கொண்டு வந்தது. நிலத்துக்காரர் ஊற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். எத்திராஜுக்கும் சந்தோஷம். கேமராவைப் பார்த்துச் சொன்னான்: "பாத்தீங்களா. தேரை கீற எடத்துல தண்ணி கீது. எங்க அப்பா சொல்லுவாரு. இப்ப நான் கண்ணால பார்த்துட்டேன்."

அந்த வீடியோ போனது போல் வேறெதுவும் போகவில்லை. லட்சக்கணக்கில் பார்த்தார்கள். பாலையாவே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ஒரு கல்யாணத்தில் முன்பின் தெரியாத ஒருவர் எத்திராஜின் கையைப் பிடித்து, "தேரை எத்திராஜ் நீதானா?" என்று கேட்டார். அவனுக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

ஐந்தாறு மாதம் கழிந்தது. புத்தூருக்குத் தெற்கே ஒரு இடத்தில் வீட்டுக்குக் கடக்கால் எடுத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து ஒருவர் மண் குவியலுக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் ஒரு பை. வேலைக்குக் கூப்பிட வந்திருப்பார் என்று எத்திராஜ் நினைத்தான். மதியம் வண்டியை அணைத்து இறங்கியதும் அவர் எழுந்து வந்து தன் போனை நீட்டினார். திரையில் எத்திராஜின் முகம் பாதிப் பேச்சில் நின்றிருந்தது.

"இது நீதான நைனா?"

"நான்தான் அண்ணா."

"என் பேரு கிருஷ்ணப்பா. என் கொல்லியில வேலி நட குழி எடுத்தேன். தேரை இருந்துச்சு. ஒண்ணு இல்ல, மூணு." கொல்லி என்று அவர் சொன்னது அவருடைய மானாவாரிக் கொல்லையை. "அங்கியே போரு போட்டேன்."

எத்திராஜ் கேட்டான்: "தண்ணி வந்துச்சா?"

"நீள்ளு ராலேது," என்று தெலுங்கில் சொன்னார் கிருஷ்ணப்பா. பிறகு தமிழில், "தண்ணி வரல. அறுநூறு அடி. புழுதிதான் பறந்துச்சு," என்றார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எத்திராஜும் ஏதாவது கத்தியிருப்பான். எத்திராஜ் சொன்னான்: "எங்க பெரியவங்க சொன்னத்த சொன்னேன் அண்ணா. நானா ஒண்ணும் கட்டிச் சொல்லல."

"எங்க பெரியவங்களும்தான் சொன்னாங்க. சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கினுதான் கீறேன். அவங்க சொன்னதுக்கு நான் போரு போடல. நீ கண்ணால பார்த்தேன்னு சொன்ன பாரு, அதுக்குப் போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். எத்திராஜ் அன்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பத்மினியிடம் சொன்னான். சொல்லிவிட்டு, "அந்த வீடியோவ அழிச்சிடு," என்றான்.

"அழிச்சா அந்த அண்ணனுக்குத் தண்ணி வந்துடுமா?"

"இன்னும் யாராவது பார்த்துட்டுப் போரு போடுவாங்க."

"பார்த்தவங்க பார்த்துட்டாங்க மாமா. நாம அழிச்சாலும் அவங்க போன்ல அது கீது. இன்னா சொல்றதுன்னு யோசி."

அவனுக்கு யோசனை ஓடவில்லை. அந்த வாரம் முழுக்க வண்டியில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கிணற்றையே நினைத்துக்கொண்டிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை. தேரை இருந்தது நிஜம், தண்ணீர் வந்ததும் நிஜம். இரண்டையும் கண்ணால் பார்த்ததும் நிஜம். அப்படியிருக்க, தப்பு எங்கே நுழைந்தது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிருஷ்ணப்பாவின் ஊரை விசாரித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி செங்கம்மா மோர் கொடுத்தாள். கொல்லைக்குக் கூட்டிப் போனார் கிருஷ்ணப்பா. நடுவில் போர்க்குழாய் ஒரு முழ உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால் இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்திருந்தார். மோட்டார் ஒயருக்கென்று விட்ட ஒரு சின்ன ஓட்டை மட்டும் மூடியில் இருந்தது. மோட்டார் வாங்க வேண்டியிருக்கவில்லை.

"பாலையாகிட்ட பேசிட்டேன் அண்ணா," என்றான் எத்திராஜ். "ஒரு நாள் வண்டி எடுத்தாறேன். இங்க ஒரு குட்டை வெட்டிக் குடுக்கறேன். மழைத்தண்ணியாவது நிக்கும்."

கிருஷ்ணப்பா தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

"நான் அதுக்கு வரல நைனா. குட்டை வெட்டறதுனா நானே ஆளு வெச்சு வெட்டிக்குவேன். நீ எங்க சொன்னியோ அங்க சொல்லு."

"தப்புன்னு சொல்லிடறேன்."

"தப்புன்னு உனுக்கு எப்படித் தெரியும்?"

கிருஷ்ணப்பாவே தொடர்ந்தார்.

"அந்தக் கெணத்துல வந்துச்சு, அதனால நெஜம்னு சொன்ன. என் கொல்லியில வரல, அதனால பொய்னு சொல்லப் போற. ரெண்டும் ஒரே மாதிரிதான கீது? நான் ஒருத்தன் தோத்துட்டா அது பொய்யாயிடுமா?"

பத்மினி கையோடு கொண்டுவந்திருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். இருவரும் பைக்கில் திரும்பினார்கள். வீட்டுத் தெருவுக்குள் நுழைந்ததும், "எண்ணிப் பாக்கணும் மாமா," என்றாள்.

எண்ணுவதற்கு அவர்களிடம் வழி இருந்தது. வேலை முடிந்ததும் குழியின் படத்தை பாலையாவுக்கு அனுப்புவது எத்திராஜின் வழக்கம். அவை எல்லாம் போனில் இருந்தன. அது போக பத்மினி எடுத்த வீடியோக்கள். எந்த ஊர், யார் நிலம், எந்த நாள் என்று எல்லாம் தெரியும். தேரை கிடைத்த குழிகள் எவை என்பதும் தெரியும், ஏனென்றால் அந்த முதல் தேரைக்குப் பிறகு அவன் ஒன்றையும் பார்க்காமல் விட்டதில்லை. தெரியாதது ஒன்றுதான். அந்தக் குழியிலோ, பிறகு அதன் பக்கத்தில் போட்ட போரிலோ தண்ணீர் வந்ததா, இல்லையா.

மழை பெய்து வேலை நின்றிருந்த ஒரு வாரம் முழுக்க பத்மினி போனில் உட்கார்ந்தாள். தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கு, தமிழர்களிடம் தமிழ், பலரிடம் இரண்டும். சிலர் எதற்குக் கேட்கிறாய் என்று சந்தேகப்பட்டார்கள். ஒருவர் தன் போர் தோற்ற கதையை ஒரு மணி நேரம் சொன்னார். ஒருவர் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னார். ஹாஸ்டலில் படிக்கும் அவர்கள் மகள் விட்டுப் போன பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பத்மினி கோடு போட்டு எழுதினாள். தேரை உண்டு, தேரை இல்லை. தண்ணீர் உண்டு, தண்ணீர் இல்லை. நாலு கட்டம். ஐம்பத்தெட்டு குழிகளுக்கு விவரம் கிடைத்தது.

முடித்ததும் நோட்டை எத்திராஜிடம் தள்ளினாள்.

தேரை இருந்த குழி பதினாலு. அதில் ஐந்தில் தண்ணீர் வந்திருந்தது. தேரை இல்லாத குழி நாற்பத்துநாலு. அதில் பதினேழில் வந்திருந்தது.

"அப்ப?" என்றான்.

"ரெண்டு பக்கமும் மூணுக்கு ஒண்ணுதான் மாமா, கொஞ்சம் மேல. தேரை இருந்தாலும் அவ்ளோதான், இல்லாங்காட்டியும் அவ்ளோதான்."

அவன் நோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தேரை இருந்து தண்ணீர் வராத அந்த ஒன்பது குழிகளின் பெயர்களையும் விரலால் தொட்டுப் படித்தான். ஒவ்வொன்றையும் அவனே தோண்டியவன். ஒவ்வொரு தேரையையும் கையால் எடுத்து ஓரமாக விட்டவன். ஆனால் நோட்டில் பார்க்கும்வரை அந்த ஒன்பதும் அவன் மனத்தில் இல்லவே இல்லை. தண்ணீர் வந்த இடத்தில் ஊரே கூடிப் பார்த்தது, கற்பூரம் ஏற்றினார்கள், படம் எடுத்தார்கள். வராத இடத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். தோற்ற குழியை நினைவில் வைத்துக்கொள்ள ஒருவரும் இல்லை. அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அந்த நினைப்பு வந்தபோதுதான் எத்திராஜுக்கு மனம் கொஞ்சம் லேசானது.

வீடியோவை கிருஷ்ணப்பாவின் கொல்லையில் வைத்து எடுத்தார்கள். அவரை வரச் சொல்ல எத்திராஜுக்குத் தயக்கம். அவர் தானாகவே துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து போர்க்குழாய் பக்கத்தில் நின்றார். எத்திராஜ் நோட்டைக் காட்டினான். நாலு கட்டத்தையும் வெள்ளைக் கூழாங்கல்லும் கறுப்புக் கூழாங்கல்லுமாக மண்ணில் அடுக்கி பத்மினி படம் பிடித்தாள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக. கடைசியில் எத்திராஜ் சொன்னான்: "நான் ஒரு கெணத்த பார்த்துட்டு எல்லாக் கெணத்துக்கும் சொல்லிட்டேன். அது என் தப்பு. இந்த அண்ணன் அதனால கஷ்டப்பட்டாரு. தேரைய பார்த்து இன்னொருத்தரு போரு போட வேணாம். அந்தப் பழைய வீடியோவ நான் அழிக்கல. அதுக்குக் கீழயே இத்தையும் ஒட்டி வெச்சிருக்கறேன்."

பழையதைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களிலும் சிலர் திட்டினார்கள். முன்னோர்களைப் பொய்யர் ஆக்குகிறாயா என்றார்கள். நாலு எழுத்து படித்ததும் திமிர் வந்துவிட்டது என்று ஒருவர் எழுதியதைப் படித்து, தான் எட்டாவதுதான் என்று எத்திராஜ் பதில் போட நினைத்தான். பத்மினி வேண்டாம் என்றாள். பாலையா போனில் கூப்பிட்டு, "உன்ன யாரு கேட்டாங்கன்னு இத்த போட்ட?" என்றார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, தன் சொந்த நிலத்திலும் தேரை பார்த்துப் போட்ட ஒரு போர் முன்பு தோற்றதாகவும், அதை நோட்டில் சேர்க்க வேண்டுமா என்றும் கேட்டார்.

வேறு ஊர்களிலிருந்தும் அப்படி வர ஆரம்பித்தன. எங்கள் குழியில் தேரை உண்டு, தண்ணீர் இல்லை. எங்களுடையதில் இரண்டும் உண்டு. நோட்டு நிரம்பிக்கொண்டே போனது. ஆனால் எல்லாரையும்விட எத்திராஜை யோசிக்க உட்கார வைத்தது ரேணிகுண்டாச் சிறுமி எப்சிபாவின் குரல்தான்.

"அங்கிள், தண்ணிக்காக இல்லன்னா அப்ப தேரை எதுக்கு அங்க இருந்துச்சு?"

இதை யாரும் கேட்டிருக்கவில்லை. மறுபடியும் படங்களை எடுத்துப் பார்த்தான். தேரை கிடைத்த பதினாலு குழியிலும் மேல்மண் பொலபொலவென்ற செம்மண் அல்லது மணல் கலந்த மண். களிமண்ணிலோ மொரம்பிலோ ஒன்றுகூட இல்லை. பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி உள்ளே இறங்குகிற பிராணி; தோண்டச் சுலபமான இடத்தைத்தான் தேடிப் போகும் போலிருக்கிறது என்று எப்சிபாவுக்குப் பதில் அனுப்பினான். "இது நான் நெனைக்கறது கண்ணு. பதினாலுதான் பார்த்து கீறேன்," என்றும் சேர்த்துச் சொன்னான். அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவன் குரலில் கூச்சம் இல்லை என்பதை பத்மினி கவனித்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள் மதியம் கிருஷ்ணப்பா போன் செய்தார்.

"நைனா, சிரிக்காத. அந்த போரு மூச்சு விடுது."

"இன்னாண்ணா சொல்றீங்க?"

"மூடியில ஓட்டை கீது பாரு. அதுலேர்ந்து சில்லுனு காத்து வருது. கைய வெச்சா தெரியுது. ஆனா காலையில வெச்சா, வெளிய வரல. உள்ள இழுக்குது. செங்கம்மா பேய் பிசாசுன்னு பயப்படறா. நான் நாலு நாளா பார்த்துக்கினு கீறேன்."

இருவரும் போனார்கள். கேரி பேக் ஒன்றை எடுத்து ஓட்டையைச் சுற்றிக் கட்டினாள் பத்மினி. மதியம் இரண்டு மணி. பை மெல்ல உப்பி, விறைத்து நின்றது. அங்கேயே எத்திராஜுக்குத் தெரிந்த ஒரு வேலையாள் வீட்டில் தங்கி மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், அதே பை சுருங்கி ஓட்டைக்குள் இழுபட்டுக் கிடந்தது. கிருஷ்ணப்பா அதைப் பார்த்த பார்வையில் ஒரு பெருமை இருந்தது. தண்ணீர் தராத அந்தப் போரை அவர் பல மாதமாக ஏறெடுத்துப் பார்க்காமல் சுற்றி நடந்து போனவர்.

ஏன் என்று தங்களுக்குத் தெரியாது என்று சொல்லியே அதைப் போட்டார்கள். இந்தத் தடவை சுமித்ராவின் சொந்தப் பாடம். அவள் எழுதாமல் நேராகவே போன் செய்தாள். நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு, அந்த அழுத்தம் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும் என்றாள். காலையில் அது ஏறும்போது வெளிக்காற்று போருக்குள் நுழைந்து பாறை வெடிப்புகளில் போய் அடைகிறது. மதியம் இறங்கும்போது உள்ளே அடைந்தது வெளியே வருகிறது. அறுநூறு அடிக்குள் எங்கோ காய்ந்த வெடிப்புகள் நிறைய இருக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு காற்று. "அவர்கிட்ட நேரத்தைக் குறிச்சு வைக்கச் சொல்லுங்க," என்றாள். "வங்கக்கடல்ல புயல் சின்னம் வரும்போது என்ன பண்ணுதுன்னு எனக்கும் பார்க்கணும்."

கிருஷ்ணப்பா மோட்டார் கொட்டகைக்கென்று கட்டிப் பாதியில் விட்ட நாலு சுவர்களில் ஒன்றில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதத் தொடங்கினார். காலை உள்ளே, மதியம் வெளியே. காலை உள்ளே, மதியம் வெளியே. இருபது நாள் அப்படியே போயிற்று. இருபத்தொன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே பை உப்பி நின்றது. வழக்கத்துக்கு மாறாக நாள் முழுக்க ஊதிக்கொண்டே இருந்தது. மறுநாள் விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சித்தூர் ஜில்லா முழுக்க மூன்று நாள் கொட்டியது.

ஊரில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும். கிருஷ்ணப்பாவின் போர் மழை சொல்கிறது என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடலை விதைக்கலாமா, மாமரத்துக்கு மருந்து அடிக்கலாமா என்று அவரைக் கேட்டார்கள். பாலையாவும் போன் செய்தார். "இத்த சரியா ஒரு வீடியோ போடு எத்திராஜு. போரு ஊதினா மழைன்னு. பழசவிட பெருசா போவும்."

போகும் என்று எத்திராஜுக்கும் தெரியும். கொல்லைக்குப் போனபோது வரப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஹரிபிரசாத் என்ற இளம் விவசாயி முன்னால் வந்து, "அண்ணா, நீங்க சொன்னா நம்புவோம். ஊதினா மழை வருமா?" என்று கேட்டான். பத்மினி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள், பதிவு ஓடிக்கொண்டிருந்தது. எத்திராஜ் கிருஷ்ணப்பாவைப் பார்த்தான். அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்தோட அழுத்தம் கொறஞ்சா ஊதும்னு திருப்பதி மேடம் சொன்னாங்க," என்றான் எத்திராஜ். "அழுத்தம் கொறஞ்சா மழை வர்ற வாய்ப்பு கீதுன்னும் சொன்னாங்க. ஆனா இந்தப் போரு நம்மளுக்குச் சொன்னது ஒரே ஒரு தடவதான். ஒண்ண வெச்சு நான் சொல்ல மாட்டேன்."

"எத்தினி தடவ ஆனா சொல்லுவீங்க?"

"தெரியல. ஊதி மழை வந்தத்த மட்டும் இல்ல, ஊதி வராததையும் எழுதணும். ஊதாமயே வந்தத்தையும் எழுதணும். அண்ணன் எழுதுவாரு. வேணும்னா நீயும் வந்து பாரு."

சிலர் சலித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஹரிபிரசாத் போகவில்லை. சுவரில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழ்வரை படித்தான். பிறகு தன் வீட்டிலும் தோற்ற போர் ஒன்று இருப்பதாகவும், அதிலும் பை கட்டிப் பார்க்கலாமா என்றும் கேட்டான்.

"மொதல்ல அதுக்கு மூடி கீதா?" என்றாள் பத்மினி, போனுக்குப் பின்னாலிருந்து.

இல்லை என்றான். அன்று மதியமே எத்திராஜ் அவனோடு வெல்டிங் கடைக்குப் போய்விட்டு வந்தான்.

அந்த மழைக்காலம் முடிந்தபோது கிருஷ்ணப்பாவின் சுவரில் காலையில் ஊதிய நாட்கள் ஆறு. அதில் நாலு தடவை மழை வந்திருந்தது, இரண்டு தடவை வானம் மூடி மூடிக் கலைந்துவிட்டது. ஊதாமலே பெய்த நாட்கள் மூன்று. ஹரிபிரசாத்தின் போர் ஒரு நாளும் ஊதவில்லை. அது ஏன் என்று சுமித்ராவுக்கும் தெரியவில்லை. பத்மினி அவை எல்லாவற்றையும் வீடியோவாகப் போட்டாள். நிறையப் பேர் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. தை மாதம் செங்கம்மா சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்றாள். கிருஷ்ணப்பா எழுதியிருந்த பக்கத்தை விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கத்துக்கும் அடித்தார்.